குழி தோண்ட இடமில்லாத வீடு

ஆமையை நான் கேட்கவில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. பின்னால் நடந்ததைக் கேள்விப்பட்டவர்கள் எல்லாரும் நான் அதன்மேல் உயிரையே வைத்திருந்ததுபோலப் பேசினார்கள். அப்படியெல்லாம் இல்லை.

என் கணவர் மரக்கறி லொறி ஓட்டுகிறவர். ராகலையிலிருந்து லீக்ஸ், கரட், முட்டைக்கோவா ஏற்றிக்கொண்டு தம்புள்ளைச் சந்தைக்குப் போவார். சில வேளைகளில் அங்கிருந்து திருகோணமலைக்கும் லோடு கிடைக்கும். அப்படிப் போய்த் திரும்பிய ஒரு நாள், ஹபரணைப் பக்கத்துக் காட்டு ரோட்டில், உச்சி வெயிலில், நடுவீதியில் அது நின்றிருக்கிறது. முன்னால் போன ஏதோவொரு வாகனம் ஓட்டின் ஓரத்தை உரசிவிட்டுப் போயிருந்தது. வலது பின்னங்காலுக்கு மேலே ஓடு வெடித்து இரத்தம் கசிந்ததாம். இவர் லொறியை நிறுத்தி இறங்கி, வெறும் கிழங்குச் சாக்கு ஒன்றில் அதைப் போட்டு, சீட்டுக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு வந்துவிட்டார்.

நான் பள்ளிக்கூடத்திலிருந்து வந்தபோது குசினியில் அடுப்புக்குப் பக்கத்தில் சாக்கு அசைந்தது. எலி என்று நினைத்து விறகுக்கட்டையைக் கையில் எடுத்தேன். இவர் ஓடிவந்து தடுத்தார்.

"காயம் ஆறுனதும் கொண்டுபோயி விட்டுருவேன்," என்றார்.

கறுப்பு ஓட்டில் மஞ்சள் கோடுகள் நட்சத்திரம் நட்சத்திரமாக விரிந்திருந்தன. இரண்டு கைகளையும் சேர்த்து விரித்தால் அதற்குள் அடங்கும் அளவு. அழகாகத்தான் இருந்தது. மஞ்சளும் தேங்காயெண்ணெயும் குழைத்து அவர் காயத்தில் தடவினார். இரண்டு மாதத்தில் காயம் ஆறிவிட்டது. அவர் கொண்டுபோய் விடவில்லை. முதல் தடவை கிளம்பும்போது மழை. அடுத்த தடவை லோடு கொழும்புக்கு. அதற்கடுத்த தடவை சாக்கில் வைத்து லொறி வரைக்கும் தூக்கிக்கொண்டு போய்விட்டு, திரும்பக் கொண்டுவந்து அடுப்படியில் விட்டார். அதன் பிறகு அந்தப் பேச்சை நாங்கள் இருவரும் எடுக்கவேயில்லை.

நான் தோட்டப் பள்ளிக்கூடம் ஒன்றில் கணக்குப் படிப்பிக்கிறேன். காலையில் பக்கத்து லயத்து வரிசை வீடுகளின் பெண்கள் கொழுந்துக்கூடையோடு பெரட்டுக்குப் பேர் கொடுக்க இறங்குகிற நேரத்தில் நானும் இறங்குவேன். ஒரு பஸ், பிறகு அரைமணி நேர ஏற்றம். மாலையில் அதே வழி. ஒரே மகள் கொழும்பில் வேலை செய்கிறாள். கணவர் வாரத்தில் நாலு நாள் ரோட்டில் இருப்பார். ஆகவே ஆமைக்கு இலை போடுவது, அது ஈரமாக்கிய இடத்தைத் துடைப்பது, குளிர் நாளில் அடுப்புச் சூட்டுக்கு நகர்த்தி வைப்பது எல்லாம் என் தலையில்தான் விழுந்தது. லொறியில் மிஞ்சுகிற கோவா இலை வீட்டில் எப்போதும் இருக்கும். பெரும்பாலும் அதைத்தான் போட்டேன். அதுவும் தின்றது. தின்கிறதே, போதும் என்று இருந்தேன்.

வெயில் வந்தால் நடக்கும். வெயில் வராவிட்டால் நடக்காது. எங்கள் ஊரில் வெயில் வராத நாட்களே அதிகம்.

மூன்றாவது வருடம் மார்கழி லீவில் அது இரவு பகல் பாராமல் சுவர் ஓரமாகவே நடக்கத் தொடங்கியது. குசினியின் நாலு சுவர்களையும் சுற்றிச் சுற்றி வரும். ஒரு மூலையில் நின்று பின்னங்கால்களால் சீமெந்துத் தரையைச் சுரண்டும். சரக், சரக் என்று கேட்டுக்கொண்டே இருக்கும். பிறகு அடுத்த மூலைக்குப் போகும். சோறு வடிக்கும்போதும் அந்தச் சத்தம், படுத்திருக்கும்போதும் அந்தச் சத்தம். எனக்குத் தலையை வலித்தது. இரண்டு தடவை அதைத் தூக்கி மூலையிலிருந்து அப்பால் வைத்து, வாய்க்கு வந்தபடி திட்டினேன். பின்னங்கால் நகங்கள் தேய்ந்து தரையில் இரத்தக் கோடு விழுந்திருந்ததை அதன்பிறகுதான் கண்டேன். அப்போதும் எனக்கு விளங்கவில்லை.

நாலைந்து நாள் கழித்து அரிசி வாளிக்குப் பக்கத்தில் ஒரு முட்டை கிடந்தது. பக்கத்து வீட்டுக் கோழி உள்ளே வந்து இட்டுவிட்டுப் போயிருக்கிறது என்று நினைத்தேன். எடுத்துப் பார்த்தால் கோழி முட்டையைவிடச் சின்னது, சுண்ணாம்பு நிறம், அடிப்பக்கம் கீறி வழுவழுப்பாக ஒழுகியது. கணவரைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

"இது கோழி முட்ட இல்ல புள்ள," என்றார்.

இருவரும் திரும்பி ஆமையைப் பார்த்தோம். மூன்று வருடமாக நாங்கள் 'அவன்' என்றுதான் சொல்லிவந்தோம். விறகுக் கட்டுக்குப் பின்னால் இன்னொரு முட்டை, ஆமையே மிதித்ததில் நொறுங்கிக் கிடந்தது.

நான் படிப்பிக்கிறவள் என்பதால் எதையும் தேடிப் பார்க்காமல் விடமுடியாது. ஃபோனில் தேடினேன். ஆண் ஆமை கூட இல்லாமலேயே பெண் ஆமை முட்டையிடும் என்றும், அந்த முட்டை பொரிக்காது என்றும், ஆனால் இடாமல் வயிற்றிலேயே வைத்திருந்தால் உயிருக்கு ஆபத்து என்றும் தெரிந்துகொண்டேன். அதற்கு மண் வேண்டும். ஆழமான, சூடான, ஈரம் அளவாக உள்ள மண். எங்களிடம் இருந்ததோ சீமெந்துத் தரை. வெளியே இருந்ததோ வருடம் முழுக்கக் குளிர்ந்து சொதசொதவென்று கிடக்கிற தேயிலை மண். ஒரு வாரமாக அவள் என்ன கேட்டுக்கொண்டிருந்தாள் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

கணவர் அடுத்த பயணத்தில் தம்புள்ளைப் பக்கத்திலிருந்து இரண்டு உர மூட்டை நிறைய சிவப்பு மணல்மண் கொண்டுவந்தார். மண்ணை எதற்கு மலைக்கு ஏற்றுகிறாய் என்று வழியில் பொலிஸ்காரர் கேட்டாராம். பூக்கன்றுக்கு என்று சொல்லியிருக்கிறார். ஒரு பிளாஸ்டிக் பீப்பாயை நீளவாக்கில் அறுத்து, குசினிக்குப் பின்னால் இறக்கிய தகரத்தின் கீழ் வைத்து மண்ணை நிரப்பி, மேலே ஒரு பல்பைக் கட்டித் தொங்கவிட்டார். அடுத்த மார்கழியில் அவள் அதற்குள் இறங்கித் தோண்டினாள். ஒரு சாண் ஆழத்தில் பின்னங்கால் பிளாஸ்டிக்கில் தட்டியது. நிறுத்தினாள். வேறிடத்தில் தோண்டினாள். அங்கும் தட்டியது. அந்த வருடம் முட்டைகளை மண்ணின் மேலேயே போட்டுவிட்டு அதன்மேலேயே நடந்துபோனாள்.

அதன் பிறகு செங்கல் வைத்து முழங்கால் ஆழத்துக்கு ஒரு தொட்டி கட்டினார். கூரையில் ஒரு பக்கம் வெளிச்சம் விழுகிற தகடு. இந்த வேலைக்கு அவருக்கு மூன்று ஞாயிற்றுக்கிழமை பிடித்தது. லொறி ஓட்டிவிட்டு வந்து செங்கல் தூக்குகிற மனிதரைப் பார்த்து எனக்கு எரிச்சலும் வந்தது, பாவமாகவும் இருந்தது.

அவள் ஒழுங்காக முட்டையிட்டதை நான் ஒரே ஒரு தடவைதான் முழுதாகப் பார்த்தேன். தொட்டி கட்டிய வருடம். கணவர் தம்புள்ளையில் இருந்தார். அன்று அதிசயமாக வெயில். நான் விறகு எடுக்கப் போனபோது அவள் தொட்டியின் மூலையில் முதுகைச் சுவருக்குக் காட்டி நின்றாள். முதலில் தன் நீரால் மண்ணை நனைத்தாள். பிறகு இடது பின்னங்காலால் ஒரு பிடி மண்ணை அள்ளி ஓரத்தில் வைத்தாள். பிறகு வலது காலால் ஒரு பிடி. மறுபடி இடது. அவசரமே இல்லை. திரும்பி ஒரு தடவைகூடப் பார்க்கவில்லை. பார்க்காமலே, காலால் தடவித் தடவி, வாய் குறுகி வயிறு அகன்ற ஒரு சின்னச் சட்டியைப்போலக் குழியை எடுத்துவிட்டாள். கால் எட்டாத ஆழம் வந்ததும் கொஞ்ச நேரம் அப்படியே நின்றாள். கழுத்து நீண்டு, வாய் இலேசாகத் திறந்தது. முதல் முட்டை விழுந்தது. ஒரு பின்னங்காலை உள்ளே விட்டு அதை மெல்ல ஓரத்துக்குத் தள்ளினாள். பிறகு இரண்டாவது.

நாலு முட்டைகள். எல்லாம் முடிந்த பிறகு மண்ணை இழுத்து மூடி, தன் வயிற்றுப் பக்கத்து ஓட்டாலேயே அமுக்கி அமுக்கித் தட்டினாள். ஏறக்குறைய மூன்று மணி நேரம். நான் விறகைக் கையில் வைத்துக்கொண்டே அங்கே ஒரு கல்லில் உட்கார்ந்திருந்தேன். அடுப்பு அணைந்துபோயிருந்தது. அவ்வளவு நேரம் ஒரு வேலையும் செய்யாமல் நான் எங்கேயாவது உட்கார்ந்திருந்தது எப்போது என்று யோசித்தேன், நினைவு வரவில்லை.

ஃபோனில் சொன்னபோது கணவர் மூன்று தடவை திரும்பத் திரும்பச் சொல்லவைத்தார். வந்ததும் முட்டைகளைத் தோண்டி எடுத்து, பிஸ்கட் டின் ஒன்றில் மணல் போட்டு அடுக்கி, அடுப்புக்கு மேலே பரணில் வைத்தார். பொரிக்காது என்று நான் சொன்னேன். தெரியும் என்றார். ஐந்து மாதம் வைத்திருந்தார். மணம் வரத் தொடங்கியதும் அவர் இல்லாத ஒரு நாளில் நான் கொண்டுபோய்ப் புதைத்துவிட்டேன். அவரும் டின் எங்கே என்று கேட்கவில்லை.

அதன் பிறகு வந்த வருடங்கள் ஒன்றுபோல இருக்கவில்லை. டீசல் கிடைக்காத வருடத்தில் லொறி வாரக்கணக்கில் வரிசையில் நின்றது. மின்சாரமும் மணிக்கணக்கில் நின்றது, பல்பு எரியவில்லை, மண் குளிர்ந்துவிட்டது. அந்தத் தடவை அவள் ஒரு மாதம் போல் தள்ளிப்போட்டு, கடைசியில் இட்டாள். முட்டை ஓடுகள் தாள்போல மெல்லிசாக இருந்தன. நான் அதைக் கவனித்தேன். கவனித்துவிட்டு, பிறகு யோசிக்கலாம் என்று விட்டுவிட்டேன்.

போன வருடத்துக்கு முந்திய வருடம் கார்த்திகையில் என் கணவருக்கு முதுகு பிடித்துக்கொண்டது. முள்ளந்தண்டில் வட்டு விலகியிருக்கிறது, லொறி ஓட்டக்கூடாது, பாரம் தூக்கக்கூடாது, படுத்திருக்க வேண்டும் என்று டொக்டர் சொல்லிவிட்டார். உட்கார்ந்தால் வலி, நின்றால் கொஞ்சம் பரவாயில்லை. கழிப்பறைக்குப் போவதற்குக்கூட என் தோளைப் பிடித்துக்கொள்ள வேண்டியிருந்தது. அதே நேரம் பள்ளிக்கூடத்தில் தவணைப் பரீட்சை. விடைத்தாள் கட்டுகளை வீட்டுக்குக் கொண்டுவந்து அடுப்படியில் வைத்துத் திருத்துவேன். மழை நின்றபாடில்லை. இரண்டு வாரம் சூரியனைக் காணவில்லை.

அவள் சுவரோரமாக நடக்கத் தொடங்கியது எனக்குத் தெரியும். தொட்டியில் தோண்டியதையும் பார்த்தேன். மழைச் சாரல் அடித்துத் தொட்டி மண் ஒரு பக்கம் சேறாகியிருந்தது. தோண்டத் தோண்டக் குழி சரிந்தது. மூன்று இடத்தில் தோண்டிவிட்டு வெளியே வந்துவிட்டாள். போட்ட இலை அப்படியே வாடிக் கிடந்தது. சாரலை மறைக்க ஒரு ரப்பர் விரிப்பைக் கட்ட வேண்டும், மண்ணை மாற்ற வேண்டும். நாளைக்கு என்று நினைத்தேன். மறுநாளும் நாளைக்கு என்று நினைத்தேன். பத்து நாள் அப்படிப் போனது. பதினோராம் நாள் அவள் நடக்கவில்லை. விறகுக் கட்டுக்குப் பக்கத்தில் தலையை உள்ளே இழுத்து, கண்ணை மூடி, பின்னங்கால்கள் துவண்டு கிடந்தாள். தூக்கினால் கால்கள் உள்ளே போகவில்லை. வாலின் கீழ் ஈரமாகவும் சிவந்தும் இருந்தது.

கணவர் படுக்கையிலிருந்தபடியே தன் பக்கத்தில் வைக்கச் சொன்னார். வைத்தேன். ஓட்டின்மேல் கையை வைத்துக்கொண்டார். மிருக டொக்டரிடம் கொண்டுபோகிறேன் என்றேன்.

"வேணாம். வளக்கக் கூடாத சாதி. கொண்டு போனா கேஸ் போட்டுருவாங்க. ஒன் வேலைக்கும் பிரச்சின வரும்."

அது எனக்கும் தெரியும். இந்த ஆமைகளை வீட்டில் வைத்திருப்பது சட்டத்துக்கு விரோதம் என்பதை முட்டை பற்றித் தேடிய அதே நாளில் படித்திருந்தேன். படித்துவிட்டு ஃபோனை மூடி வைத்துவிட்டேன். ஐந்து வருடமாக அதைப் பற்றி நான் அவரிடமும் பேசவில்லை, என்னிடமும் பேசவில்லை.

மறுநாள் காலை பள்ளிக்கூடத்துக்கு லீவு சொல்லிவிட்டு, சந்தைப் பையில் பழைய கம்பளி ஸ்வெட்டரைச் சுற்றி அவளை வைத்து, ஒரு போத்தலில் வெந்நீர் நிரப்பிப் பக்கத்தில் செருகி, நுவரெலியா பஸ்ஸில் ஏறினேன். வழியெல்லாம் சொல்ல வேண்டிய பொய்யை மனதுக்குள் சிங்களத்தில் அடுக்கிக்கொண்டு போனேன். நேற்று ரோட்டில் கிடந்தது, யாரோ விட்டுவிட்டுப் போயிருக்க வேண்டும், பாவம் என்று எடுத்து வந்தேன்.

மிருக வைத்திய நிலையத்தில் இருந்தவர் இளம் பெண் டொக்டர், சிங்களவர். மாட்டுக்கு ஊசி போடுவதுதான் அங்கே முக்கால்வாசி வேலை. பையைத் திறந்து பார்த்ததும் கதிரையை இழுத்துப்போட்டு உட்கார்ந்துவிட்டார். நான் பொய்யைச் சொன்னேன். அவர் கேட்டுக்கொண்டே ஓட்டில் பழைய வெடிப்பு ஆறிய இடத்தை விரலால் தடவினார். அதைச் சுற்றி வருடா வருடம் வளர்ந்த கோடுகளைத் தடவினார். மெத்தென்ற இலையையே தின்று தேயாமல் நீண்டு வளைந்த அலகைப் பார்த்தார். பிறகு, எனக்காகத்தான் போலும், தனக்குத் தெரிந்த தமிழில் மெதுவாகச் சொன்னார்.

"டீச்சர், இது நேத்து கிடைச்ச ஆமை இல்லை."

நான் டீச்சர் என்று அவரிடம் சொல்லவேயில்லை. பஸ்ஸில் திருத்துவதற்கு எடுத்துக்கொண்டு போன விடைத்தாள் கட்டு என் மடியில் இருந்தது.

அதற்கு மேல் பொய் சொல்ல எனக்குத் தெம்பு இருக்கவில்லை. லொறி, காயம், கோவா, குசினி, தொட்டி எல்லாவற்றையும் சொன்னேன். எட்டு வருடத்தையும் கால்மணி நேரத்தில் சொல்லிவிட்டேன். அவர் குறுக்கே பேசவில்லை, திட்டவும் இல்லை. பின்னங்காலுக்கு முன்னால் இருந்த இடைவெளியில் விரலை விட்டு அழுத்திப் பார்த்து, முட்டை தட்டுப்படுகிறது என்றார். தனக்கு ஆமை வைத்தியத்தில் பழக்கம் குறைவு என்று ஒளிக்காமல் சொல்லிவிட்டு, பேராதனையில் தனக்குப் படிப்பித்தவருக்கு ஃபோன் எடுத்து வெகுநேரம் கேட்டுக் கேட்டு எழுதிக்கொண்டார். டவுனில் நாய் பூனை பார்க்கிற கிளினிக் ஒன்று இருந்தது, அங்கே அவருடைய நண்பர் டொக்டர். எக்ஸ்ரே அங்கேதான் எடுத்தோம்.

படத்தில் ஐந்து முட்டைகள் தெரிந்தன. நாலு உருண்டை. ஒன்று மட்டும் பெரிதாக, ஒரு பக்கம் நசுங்கி, வழியை அடைத்ததுபோல இருந்தது. எலும்பெல்லாம் மங்கலாக இருப்பதைக் காட்டினார். கோவாவையே தின்றால் முட்டை ஓடு கட்டுவதற்கு வேண்டிய சுண்ணாம்பு எங்கிருந்து வரும், உடம்பிலிருந்துதானே எடுக்கும் என்றார். முட்டையைத் தள்ளுகிற சதைக்கும் அதே சுண்ணாம்புதான் வேண்டுமாம். பலமில்லை, சூடில்லை, பிடித்த இடமில்லை. அதனால் அடக்கி வைத்துக்கொண்டாள். பிறகு தள்ள நினைத்தபோது தள்ள முடியவில்லை.

அவளை அங்கேயே வைத்துக்கொண்டார்கள், நான் தினமும் பஸ்ஸில் போய்வந்தேன். முதல் நாள் வெதுவெதுப்பான தண்ணீரில் வைத்து, சுண்ணாம்புச் சத்து ஊசி மட்டும் போட்டார்கள். அது உடம்பில் சேராமல் வலி ஊசி போட்டால் சதை கிழிந்துவிடும் என்றார். இரண்டாம் நாள் வலி ஊசி. பிள்ளைப்பேற்றுக்குப் போடுகிற அதே மருந்துதானாம். மின்விளக்குச் சூட்டில் மண் நிரப்பிய பெட்டியில் விட்டு, துணியால் மூடி, யாரும் எட்டிப் பார்க்கக்கூடாது என்றார்கள். நான் வெளியே வாங்கில் உட்கார்ந்தேன். பக்கத்தில் ஒருவர் காலில் கட்டுப்போட்ட நாயோடு உட்கார்ந்திருந்தார். விடைத்தாளைத் திருத்திக்கொண்டே தூங்கிவிட்டேன். அவர்தான் என் தோளைத் தட்டி எழுப்பி, உள்ளே கூப்பிடுகிறார்கள் என்றார். மூன்று முட்டைகள் வந்திருந்தன. நாலாவது மறுநாள் காலை வந்தது. அந்த ஐந்தாவது மட்டும் வரவில்லை.

ஓட்டை அறுத்துத் திறந்து எடுக்கலாம், ஆனால் இந்த உடம்பு தாங்காது என்று பேராதனையிலிருந்து சொன்னார்களாம். வேறு வழி ஒன்றை முயன்று பார்த்தார்கள். நான் அவளைத் துணியில் சுற்றிப் பிடித்துக்கொண்டேன். வால் பக்கமாக, தெரிந்த முட்டையில் டொக்டர் ஊசியைக் குத்தி உள்ளே இருந்ததை உறிஞ்சி எடுத்தார். வெறும் ஓடு உள்ளே சுருங்கியது. என் கைக்குள் அவள் முன்னங்கால்கள் இரண்டும் என் விரலைப் பிடித்துத் தள்ளிக்கொண்டிருந்தன. அவ்வளவு பலம் இன்னும் மிச்சம் இருந்தது எனக்கு ஆச்சரியமாக இருந்தது. அன்று பின்னேரம் ஓடு துண்டு துண்டாக வெளியே வந்தது. டொக்டர் கையுறையைக் கழற்றிவிட்டு முகத்தைக் கழுவிக்கொண்டு வந்தார். அவருக்கும் களைத்துப்போயிருந்தது.

பிறகு சொன்னார், இந்தத் தடவை பிழைத்துவிட்டது. ஆனால் வருடா வருடம் முட்டை வரும். உங்கள் குளிரில், உங்கள் மண்ணில், வருடா வருடம் அடக்கி வைத்துக்கொள்ளும். ஒரு வருடம் வெளியே வராமலே போய்விடும். வனஜீவராசிக்காரர்களிடம் ஒப்படைத்துவிடுங்கள், வறண்ட பக்கத்தில் இதுபோன்றவற்றை வைத்துப் பார்க்கிற இடம் இருக்கிறது. நீங்களாகவே வைத்தியத்துக்குக் கொண்டுவந்தீர்கள் என்று நான் கடிதம் தருகிறேன்.

வீட்டுக்கு வந்து கணவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கூரையைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தார். என் முதுகு சரியாகட்டும், அதுவரைக்கும் இருக்கட்டும், தொட்டியைத் திருத்திவிடுகிறேன் என்று ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டிருந்தார். நான் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தேன்.

"என்னால முடியலைங்க," என்றேன். "ஒங்களையும் பாத்து, பள்ளிக்கூடத்தையும் பாத்து, இதையும் பாக்க என்னால முடியல."

அவள் நன்றாயிருக்க வேண்டும் என்பதற்காகத்தான் கொடுத்தேன் என்று இப்போது எல்லாரும் சொல்கிறார்கள். அப்போது நான் சொன்னது இதைத்தான். களைப்பு. அதற்கு மேலே ஒரு காரணமும் அந்த நிமிடம் என்னிடம் இருக்கவில்லை.

பிறகு அவர் சொன்னார். "அன்னைக்கி அத ரோட்டுக்கு அங்கிட்டு எடுத்து விட்டுட்டு வந்திருந்தா போதும். பத்தடி தூரம். காயம் தானா ஆறியிருக்கும்."

"ஆறியிருக்காதுங்க."

"ஆறியிருக்கும்," என்றார்.

ஒப்படைக்கிற நாளில் அவரும் வருவேன் என்று நின்றார். இடுப்பில் பட்டியைக் கட்டிக்கொண்டு, உட்கார முடியாததால் நுவரெலியா வரைக்கும் பஸ்ஸில் நின்றுகொண்டே வந்தார். சீட் காலியாக இருக்கும்போதும் ஒரு மனிதர் கம்பியைப் பிடித்துக்கொண்டு வியர்க்க வியர்க்க நிற்பதைப் பார்த்து கண்டக்டர் இரண்டு தடவை உட்காரச் சொன்னார். பை என் மடியில் இருந்தது.

வனஜீவராசி உத்தியோகத்தர் நடுத்தர வயதுக்காரர், பொறுமையானவர். டொக்டரின் கடிதத்தைப் படித்தார், எங்களிடம் ஒரு வாக்குமூலம் எழுதி வாங்கினார், இனி இப்படிச் செய்யக்கூடாது என்று சொன்னார். அவ்வளவுதான். கேஸ் என்ற வார்த்தையே வரவில்லை. இத்தனை வருடம் பயந்தது எதற்கு என்று நினைத்தபோது எனக்குச் சிரிப்பு வரவில்லை, கோபம்தான் வந்தது, அதுவும் என்மேல். முன்பே வந்திருக்கலாம். உடனடியாகக் காட்டில் விடமாட்டோம் என்று அவர் விளக்கினார். மனிதரோடு இருந்த ஆமை நோயைக் கொண்டுபோய்க் காட்டு ஆமைகளுக்குக் கொடுத்துவிடக்கூடுமாம். தனியாக வைத்துப் பார்த்து, பிறகு வேலி போட்ட பெரிய நிலத்தில் மற்றவற்றோடு விடுவார்களாம்.

என்ன சாப்பிடும் என்று கேட்டார். என் கணவர் நின்றபடியே சொன்னார். செவ்வரத்தம்பூ என்றால் ஓடி வரும், வல்லாரை தின்னும், கரட் இலையைத் தண்டை விட்டுவிட்டுத் தின்னும், கோவா கொடுக்க வேண்டாம், காலையில் வெயில் படும்வரைக்கும் தொந்தரவு செய்யக்கூடாது, வலது பக்கம் பழைய காயம் இருக்கிறது, அந்தப் பக்கம் பிடித்துத் தூக்கினால் பயப்படும். அவருடைய சிங்களம் லொறிச் சிங்களம், சந்தைச் சிங்களம். அந்த மனிதர் ஒன்றைக்கூட விடாமல் எழுதிக்கொண்டார். எழுதுவதற்கு அவசியமே இல்லாததையும் எழுதினார். அந்த மனிதருக்கு நான் இன்றைக்கும் நன்றியோடு இருக்கிறேன்.

பெட்டியில் வைத்ததும் அவள் தலையை நீட்டிப் பார்த்தாள், எங்களை அல்ல, பெட்டியின் ஓரத்தை. அதைச் சுற்றி நடக்கத் தொடங்கினாள்.

திரும்பி வருகிற பஸ்ஸில் எனக்கு ஜன்னல் பக்கம் சீட் கிடைத்தது. இவர் பக்கத்தில் நின்றார். அழுவேன் என்று நினைத்தேன். அழவில்லை, தூங்கிவிட்டேன். இறங்கும் இடத்தைத் தாண்டியும் தூங்கியிருக்கிறேன். இவருக்குத் தெரியும், எழுப்பவில்லை. கடைசி ஸ்டாப்பில் இறங்கி, ஒரு கடையில் பிளேன்டீ குடித்துவிட்டு, முக்கால் மணி நேரம் காத்திருந்து வேறு பஸ்ஸில் வந்தோம். அவருடைய முதுகுக்கு அது எவ்வளவு கஷ்டமாக இருந்திருக்கும் என்று வீட்டுக்கு வந்த பிறகுதான் நினைத்தேன்.

முதுகு முழுதாகச் சரியாகவில்லை. இப்போது ராகலையிலிருந்து நுவரெலியாவுக்கு மட்டும் சின்ன லொறி ஓட்டுகிறார். தம்புள்ளைக்குப் போவதில்லை. தொட்டியில் நான் கொத்தமல்லி போட்டேன், அது வரவில்லை, இப்போது விறகு அடுக்கியிருக்கிறோம்.

போன ஐப்பசியில் டொக்டர் ஃபோன் எடுத்தார். மாட்டுக்கு ஊசி போட எங்கள் பக்கம் வந்தவர், வேலை முடிந்து ஜீப்பிலிருந்து பேசினார். ஆமை முட்டையிட்டுவிட்டதாம், ஆறு முட்டைகள், ஊசி எதுவும் தேவைப்படவில்லையாம். இரண்டு இடத்தில் தோண்டிப் பார்த்துவிட்டு மூன்றாவது இடத்தில் இட்டு மூடினதாம். அங்கே ஆண் ஆமைகளும் இருப்பதால் பொரிக்கலாம், பொரிக்காமலும் போகலாம், பொறுத்துப் பார்க்க வேண்டும் என்றார். அன்று அவர் என்னிடம் ஒரு மணி நேரம் பேசியிருந்தாலும் கேட்டிருப்பேன். இரண்டு நிமிடத்தில் வைத்துவிட்டார்.

கணவர் லொறியைக் கழுவிக்கொண்டிருந்தார். போய்ச் சொன்னேன். தண்ணீர்க் குழாயைக் கீழே போட்டுவிட்டு, ஈரக் கையை இடுப்புச் சாரத்தில் துடைத்துக்கொண்டு கேட்டார்.

"ஒரு நாளு போயி பாத்துட்டு வருவமா?"

லீவு வரட்டும் என்றேன். அந்த லீவில் விடைத்தாள் வந்துவிட்டது. அடுத்த லீவில் மகள் வந்திருந்தாள், அதற்கடுத்த லீவில் அவருக்கு முதுகு மறுபடியும் பிடித்துக்கொண்டது. நாலு பஸ் மாறிப் போக வேண்டிய தூரம். இன்னும் போகவில்லை. போவோம் என்றுதான் இருவரும் சொல்லிக்கொள்கிறோம், சொல்லிவிட்டு வேலையைப் பார்க்கப் போய்விடுகிறோம்.